சனிக்கிழமைக் கைதி

அந்த விடுதியில் எல்லா அறைக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். ஜெயிலாக இருந்த கட்டடம், வேறெப்படி இருக்கும்? மேல்தளத்தில் இரும்பு நடைபாதை, அதன் ஓரமாக வரிசையாகக் கொட்டடிகள். ஒவ்வொரு கொட்டடிக்குள்ளும் இப்போது ஓர் அடுக்குக் கட்டில், படிக்க ஒரு விளக்கு, ஈரத்துண்டு மாட்ட ஒரு கொக்கி. முதுகுப்பையோடு ஊர் சுற்ற வரும் பிள்ளைகளுக்கு வாடகை குறைவு என்பது ஒரு வசதி. ஜெயிலில் படுத்துத் தூங்கிவிட்டு வந்தோம் என்று ஊரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அதைவிடப் பெரிய வசதி. பழங்கட்டடம் என்பதால் தாழ்ப்பாள்களைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு. ஆகவே ஒவ்வொன்றையும் திறந்த நிலையில் வைத்துத் திருகாணி போட்டு முடக்கியிருந்தார்கள். கீழ்த்தளத்துக் கடைசிக் கொட்டடி மட்டும் காட்சிக்காக அப்படியே விடப்பட்டிருந்தது. அதன் தாழ்ப்பாளுக்கு வாராவாரம் எண்ணெய் போடுவது பூட்டண்ணனின் வேலை.

வேலை கிடைத்து வீடு கிடைக்காத சில மாதங்கள் நான் அங்கே தங்கியிருந்தேன். அறைக்குள் நுழையும்போதெல்லாம் திருகாணி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒருநாள் பூட்டண்ணன் ஏணியில் நின்றபடி அதைப் பார்த்துவிட்டார்.

“தொட்டுப் பாருங்க தம்பி, தப்பில்லை. நானும் பார்ப்பேன்” என்றார்.

குழாய் ஒழுகினால், விளக்கு எரியாவிட்டால், ஜன்னல் மக்கர் பண்ணினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாவியைத் தொலைத்துவிட்டு நிற்கும் பிள்ளைகளின் பெட்டிப் பூட்டை நீளமான வெட்டுக்கத்தரியால் ஒரே அழுத்தில் துண்டாக்கிவிடுவார். பேர் அப்படி வந்ததுதான். வாயும் பூட்டிய வாய். பத்துக் கேள்விக்கு ஒரு பதில் வந்தால் அன்றைக்கு அவர் குஷியாக இருக்கிறார் என்று அர்த்தம்.

பத்தொன்பது வயதில் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, முறை யாருடையது என்று ஒருவனோடு தகராறு. இவர் ஓங்கி ஒன்று விட்டார். அவன் பின்மண்டை நடைமேடைக் கல்லில் பட்டு, மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்து, அங்கேயே போய்விட்டான். “ஒரே அடி தம்பி. ரெண்டாவதுக்கு அவன் நிக்கலை” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். தண்டனைக் காலத்தில் பாதியை இதே கட்டடத்தில் கழித்தார். வெளியே வந்த பிறகு எந்த வாசலிலும் வேலை கிடைக்காமல், கடைசியில் இந்த வாசலிலேயே கிடைத்தது.

அவர் மனைவி விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொண்டாள். எல்லோருக்கும் அக்கா. சுற்றுச்சுவருக்குள்ளேயே, பெரிய கதவை ஒட்டிய பழைய காவலர் குடியிருப்பில் மகளோடு இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தப் பிள்ளை பெரிய கதவின் கம்பிகளில் விரல்களைத் தட்டி ஓட்டிக்கொண்டே வரும். டடடடவென்று சத்தம் கேட்டால் அக்கா அடுப்பில் பால் வைப்பாள்.

வேலை முடிந்ததும் பூட்டண்ணன் சமையலறைக்கு வருவார். அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்து, “காட்டுங்க” என்பாள். அவர் இரண்டு கைகளையும் நீட்டுவார். அவள் தண்ணீருக்கடியில் அவற்றைத் திருப்பித் திருப்பி விரல்முட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். “சரி, போங்க.” அவ்வளவுதான். புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன்.

“கொஞ்சலா? நல்லா இருக்கே” என்றாள் அக்கா, உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே. “எங்கப்பா வீட்டுக்குள்ள வரும்போதே நாங்க அவர் முட்டியைத்தான் பார்ப்போம். உரிஞ்சிருந்தா, வெளியிலயே முடிச்சிட்டு வந்துட்டார், நிம்மதியா சாப்பிடலாம். உரியலைன்னா எங்களுக்குப் பாக்கி இருக்குன்னு அர்த்தம். எங்கம்மாவுக்கு முன்பல் நாலும் கிடையாது. அடிக்கிறவன் வாய் பொய் சொல்லும் தம்பி, முட்டி சொல்லாது.”

“அண்ணனோட கதை தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டீங்களா?”

“தெரிஞ்சுதான். அன்னைக்கே சொல்லிட்டேன். இன்னொரு மனுஷன் மேல கை வெச்சா காரணம் கேக்க மாட்டேன், பிள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்னு. பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு. தினம் பெருக்கும்போது அதை நகர்த்தி நகர்த்தித்தான் பெருக்குறேன், மறக்காம இருக்கட்டும்னு.”

அந்தக் கைகள் அப்படிக் கட்டுப்பட்டுக் கிடந்த இடத்துக்கு ஒரு வார்டர் வந்து சேர்ந்தார்.

மேனேஜருக்கு வந்த யோசனை அது. சின்ன வயசு, வாயைத் திறந்தால் ‘அனுபவம்’ என்ற சொல்தான் முதலில் வரும். சனிக்கிழமை சாயங்காலங்களில் தங்க வருகிறவர்களுக்கு ஜெயில் வாழ்க்கையை நடத்திக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஓய்வுபெற்ற வார்டர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். பழைய காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார் மனிதர். இடுப்பு வாருக்குப் பழைய ஓட்டைகள் எட்டவில்லை, ஆணியால் புதிதாக ஒன்று போட்டிருந்தார். கூடத்தில் ஏணி தூக்கிக்கொண்டு போன பூட்டண்ணனைப் பார்த்து நின்றுவிட்டார்.

“டேய். நீ இன்னும் வெளியில போகலையா?”

பூட்டண்ணன் ஏணியைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றார். யாரும் சொல்லவில்லை. உடம்பு தானாகப் போய் நின்றது.

மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “நிஜ வார்டர், நிஜக் கைதி. எந்த ஹோட்டல்ல கிடைக்கும் சொல்லுங்க? அண்ணே, இனிமே சனிக்கிழமை உங்களுக்கு இதுதான் வேலை.”

அன்று சாயங்காலம் குழாயடியில் பூட்டண்ணன் அனுமதி கேட்டார். அக்கா முட்டிகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “அடி வாங்குறதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. குடுக்கிறதுக்குத்தான்.”

முதல் வாரங்களில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. துணி சுற்றிய தடி. பூட்டண்ணன் சுவரைப் பார்த்து, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, கால்களை அகட்டி நிற்பார். திரும்பக் கூடாது, அதுதான் அந்த ஜெயிலின் முதல் சட்டம் என்று வார்டர் விளக்குவார். தடி அவருக்குப் பக்கத்துச் சுவரில் விழும், அவர் அம்மா என்பார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். பிறகு தடி பின்தொடையில் விழ ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை துணியைக் காணோம். அடுத்த சனிக்கிழமை, அடி விழுந்தபோது அம்மா என்ற சத்தம் வரவில்லை. அதனால் வார்டர் சத்தம் வரும்வரை அடித்தார். கைதட்டல் கூடிக்கொண்டே போனது. என்ன தத்ரூபம் என்றார்கள்.

அக்கா அவர் முதுகிலும் தொடையிலும் மருந்து தேய்ப்பாள். கரும்பச்சையாக, வரி வரியாகக் கன்றிக் கிடக்கும்.

“இது என்ன?”

“நடிப்பு.”

“நடிப்புக்கு ரத்தம் கட்டுமா?”

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வார். வேலையை விட்டால் குடியிருப்பும் போய்விடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒருநாள் காட்சி முடிந்து வார்டர் சமையலறை வாசலுக்கு டீ கேட்டு வந்தார். “உன் வீட்டுக்காரன் இங்க எப்படி அழுவான் தெரியுமாம்மா? கன்னுக்குட்டி மாதிரி. இப்ப ரொம்ப அழுத்தக்காரன் ஆயிட்டான். ஒரு தட்டு, திருப்பித் தட்டட்டுமே, பார்க்கலாம்னுதான் நானும் பார்க்குறேன்.”

அக்கா டீயை ஆற்றிக் கொடுத்தாள். “அழுதாரா? என்கிட்ட ஒரு தடவைகூட அழுததில்லை. நீங்கதான் குடுத்து வெச்சவர்.”

வார்டர் சிரித்தார். பல்லில் டீ மின்னியது.

அதற்கடுத்த சனிக்கிழமை நல்ல மழை. வெளியே போக முடியாமல் மொத்தப் பேரும் கூடத்திலும் இரும்பு நடைபாதையிலும் கூடிவிட்டார்கள். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். அக்கா சமையலறை வாசலில், கையில் துடைப்புத் துணியோடு. கூட்டத்தைப் பார்த்ததும் வார்டருக்கு உற்சாகம். இன்னொரு கைதி வேண்டும், யார் வருகிறீர்கள் என்று கேட்டார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன், நண்பர்கள் தள்ளிவிட, சிரித்துக்கொண்டே வந்து பூட்டண்ணனுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றான். நின்றவன், போட்டோ எடுக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

தடி அவன் காதோடு சேர்த்து விழுந்தது. கண்ணாடி தெறித்துப்போனது. சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே நின்றது, காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. கூட்டம் ‘ஓ’ என்றது, பிறகு கைதட்டியது.

“போதும் சார்” என்றான் பையன், திரும்பி.

“திரும்பறியா?”

இரண்டாவது அடி வாயில். மூன்றாவதற்கு அவன் கீழே விழுந்து சுருண்டான். வார்டர் பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தார். மிதிக்க மிதிக்க அவர் முகத்துக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. மாடியில் யாரோ விசிலடித்தார்கள். பையனின் நண்பர்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

பூட்டண்ணன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றார். அவருடைய உள்ளங்கைகள் மட்டும் கல்லில் மெதுவாகக் கீழே இழுபட்டு வந்தன. தோல் உரிந்து, சுவரில் இரண்டு ஈரக்கோடுகள் விழுந்தன. பையன் “அண்ணா” என்றான். அவன் அவரைத்தான் கூப்பிட்டானா, யாரையாவது கூப்பிட்டானா, தெரியாது.

அவர் கைகளைச் சுவரிலிருந்து எடுத்தார். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். திரும்பினார்.

முதல் அடி புருவத்தைப் பிளந்தது. ரத்தம் ஒரு கண்ணை மூடியது. அவர் நிற்காமல் நடந்தார். நெஞ்சை வார்டரின் நெஞ்சில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனார். தலையில், தோளில், கழுத்தில் அடி விழுந்துகொண்டே இருந்தது, கைகள் பின்னாலேயே இருந்தன. வார்டர் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசிக் கொட்டடிக்குள் போய்விட்டார். தடி உள்ளே விழுந்தது. தடுக்கி விழாமல் இருக்க வார்டர் வலது கையால் கதவு நிலையைப் பிடித்தார்.

பூட்டண்ணன் தோளால் கதவைச் சாத்தினார்.

இரும்புக் கதவு. வாய்க்குள் எலும்பை மெல்லுவதுபோல ஒரு சத்தம். அதன் பிறகுதான் வார்டரின் அலறல். அந்த அலறலுக்கு விழுந்த கைதட்டலைப்போல அந்தக் கட்டடம் அதுவரை கேட்டிருக்காது. பூட்டண்ணன் அப்படியே நின்றார். ஒரு நொடி கீழே பார்த்தார். பிறகு இன்னொரு முறை சாய்ந்தார். கதவு முழுதாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விழுந்தது. அவர் போட்ட எண்ணெய்.

தரையில் கிடந்ததை ரப்பர் என்று நினைத்து ஒரு பெண் குனிந்து தொட்டாள். அதில் நகம் இருந்தது. அப்போதுதான் கைதட்டல் நின்றது.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. பையனுக்குத் தாடையிலும் விலாவிலும் எலும்பு முறிவு. வார்டருக்கு இரண்டு விரல்கள் போயின. விசாரணை சீக்கிரம் முடிந்துவிட்டது. கூடத்தில் இருந்த அத்தனை போனிலும் காட்சி இருந்தது. எதில் பார்த்தாலும் பூட்டண்ணனின் கைகள் முதுகுக்குப் பின்னால்தான். “கதவு மூடிக்கிச்சு, அந்த ஆள் கையை வெச்சுட்டான். அவ்வளவுதானே?” என்று இன்ஸ்பெக்டர் தானே கேட்டுத் தானே எழுதிக்கொண்டார். வழக்கு வார்டர் மேல். “போய் நெத்திக்கு மருந்து போட்டுக்கப்பா.”

பூட்டண்ணன் நேரே சமையலறைக்கு வந்தார். அக்கா குழாயைத் திறந்தாள். அவர் கைகளை நீட்டினார். நான் ஒரு மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் தண்ணீருக்கடியில் கைகளைத் திருப்பினாள். உள்ளங்கை ரணமாக இருந்தது. முட்டிகள் பத்தும் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

“சுத்தமா இருக்கு” என்றாள். குழாயை மூடவில்லை. “அந்தாளு கை நிலையில இருந்தது தெரியுமா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல யோசித்த மாதிரி இல்லை. “தெரியும். பார்த்துட்டுத்தான் சாத்தினேன்.”

“இன்னொரு தரம் சாஞ்சீங்க.”

“ஆமா.”

அவள் குழாயை மூடினாள். அவர் நெற்றியைத் துடைத்து, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டினாள். தட்டில் சூடாகச் சாப்பாடு போட்டு, உள்ளங்கையில் படாமல் சாப்பிட ஒரு ஸ்பூனும் வைத்தாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“அந்தப் பிள்ளை செத்தா சாகட்டும்னு சுவரைப் பார்த்துட்டே நின்னிருந்தீங்கன்னா, நானே வந்து உங்களை உதைச்சிருப்பேன். முதல் தரம் சாத்துனீங்க பாருங்க, அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கே கை துடிச்சுது.” அவள் துடைப்புத் துணியை மடித்தாள். “ரெண்டாவது தரம் அங்க யாரும் அடிச்சிட்டு இல்ல. அவன் கத்திட்டுதான் இருந்தான். அப்ப உங்க முகத்தை நான் பார்த்துட்டேன். சின்ன வயசுல தினம் பார்த்த முகம்.”

“உன்கிட்ட மறைச்சிருக்கலாம்” என்றார் அவர்.

“மறைச்சிருந்தா இந்தச் சாப்பாடும் இல்லை.”

அவர் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்தார்.

மழை விட்டிருந்தது. அக்கா கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு மகளோடு வந்தபோது, பெரிய கதவருகே அவர் நின்றிருந்தார். யாரும் யாரையும் தடுக்கவில்லை, யாரும் அழவில்லை. எங்கே போறோம் என்று பிள்ளை கேட்டது. பெரியம்மா வீட்டுக்கு என்றாள் அக்கா. அவர் ரணப்பட்ட கைகளால் கதவை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டார். அவர்கள் தாண்டினார்கள். பிள்ளை பழக்கதோஷத்தில் வெளிப்பக்கமிருந்து கையை நீட்டிக் கம்பிகளைத் தட்டியது.

அவர் கதவை அசைக்காமல் பிடித்தபடி நின்றார். அந்தச் சின்ன விரல்கள் கடைசிக் கம்பியைத் தட்டிவிட்டு முழுதாக விலகிப்போகும்வரை குனிந்து பார்த்தார். பிறகு சாத்தினார்.