பெட்டிக்குள் தூங்கிய மூக்குக்கண்ணாடி

முப்பது வருடமாக என் மாமாவுக்குச் சோறு போட்டது கத்தரிக்கோல்தான். சலூனில் நாற்காலி மூன்று, ஆள் அவர் ஒருவர். ஐம்பது வயதில் கண் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பத்து வருடப் பழைய மூக்குக்கண்ணாடியை நூல் கட்டி மாட்டிக்கொண்டு வெட்டினார். இடது கிருதா மேலே, வலது கிருதா கீழே நின்றன. பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடை சலூனுக்கு நழுவினார்கள்.

ஒரு வழியாகப் புதுசு வாங்க மூக்குக்கண்ணாடிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பவர் பார்த்து முடித்ததும் விற்பனைப் பெண் ஆரம்பித்தாள்.

"கீறல் விழாம இருக்க ஒரு கோட்டிங் இருக்கு சார்."

"போடலன்னா?"

"கீறல் விழும் சார்."

போடச் சொல்லிவிட்டார். தண்ணீர் ஒட்டாமலிருக்க ஒன்று, தூசி ஒட்டாமலிருக்க ஒன்று, கம்ப்யூட்டர் வெளிச்சத்துக்கு ஒன்று.

"மாமா, நம்ம கடைல கம்ப்யூட்டரே கிடையாதே!"

"பின்னாடி வந்தா?"

டியூப்லைட்டுக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் நிற்பவருக்குக் கண்கூச்சம் குறைக்கும் கோட்டிங் ஒன்று போதும் என்று மன்றாடினேன். அதையும் சேர்த்துக்கொண்டார். முடி வெட்ட வந்தவன் தலையில் மசாஜையும் முகக் கிரீமையும் கட்டியே பழகியவர், அன்று தன் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடி வந்தது. "நாளைலேர்ந்து இதைப் போட்டுக்கிட்டு வெட்டுங்க" என்றாள் அத்தை.

"கடையிலயா? முடி பறக்கும், தண்ணி தெறிக்கும், கீறல் விழும். உனக்கு ஏதாவது அறிவு இருக்கா?"

புதுசு வெல்வெட் பெட்டிக்குள் போனது. சாயங்காலம் டிவி பார்க்க மட்டும் வெளியே வரும். சலூனுக்கு அதே நூல் கட்டியதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன ஞாயிறு காலை எனக்கு முடி வெட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சாயங்காலம் பெட்டியைத் திறந்து, துணியால் துடைத்து, மாட்டிக்கொண்டு டிவி பக்கம் திரும்பியவர் என்னைப் பார்த்து நின்றார்.

"அடப்பாவி! யாருடா இப்படிக் கொதறி வச்சது? போய் நாலு கேள்வி கேளு!"

"நீங்கதான் மாமா. காலைல."

கழற்றிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார். டிவி அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

"மத்தவங்களுக்கும் இப்படித்தான் வெட்டிட்டிருந்தேனா?" குரல் இறங்கியிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிராமலே சொன்னாள்.

"எதிர்க்கடைக்காரரைக் கேளுங்க. எல்லாத் தலையையும் அவர்தானே சரி பண்ணியிருக்காரு."