விண்கலத்தில் யாருக்கும் லீவு கிடையாது

என் மகளுக்கு ஒரு விண்வெளிப் படத் தொடர் பைத்தியம். ஏழு பாகங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நான் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆனால் கதை முழுக்கத் தெரியும். மாவு கரைக்கும்போதும் விடைத்தாள் திருத்தும்போதும் எட்டு வருடமாக அது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு விண்கலம். அதற்கு ஒரு தலைவர். அவர்களைத் துரத்தும் ஒரு வில்லன். இவர்களோடு ஒரு சமையல்காரரும் உண்டு. ஏழு பாகத்திலும் கையில் ஒரு தூக்குவாளியோடு பின்னால் நடந்து போவார். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏழு பாகத்திலும் ஒருவராவது சாப்பிட்டதும் இல்லை. அந்த வாளிக்குள் என்ன இருக்கிறது என்று உலகம் முழுக்க ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். வெடிகுண்டு என்கிறான் ஒருவன், வேற்றுக்கிரகத்து முட்டை என்கிறான் இன்னொருவன். எங்கள் மாவட்டத்து ரசிகர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது: மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். திறந்தால் வாசனைக்கு எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள், கதை நகராது. அதனால்தான் திறப்பதில்லை.

இப்படிப்பட்ட தியரிகளை நான் மதித்தவள் இல்லை. நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஆய்வகக் குறிப்பேட்டில் கண்டதை எழுதாமல் முடிவை மட்டும் எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். மகளுக்கும் அதே சட்டம்தான் போட்டேன். எந்தத் தியரி சொன்னாலும், “எத்தனையாம் பாகம், எத்தனையாவது நிமிஷம்?” என்று கேட்பேன். சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்குத் தேங்காய் துருவ வேண்டும். அவள் வாயை அடைக்கத்தான் அப்படிச் செய்தேன். அவளோ நிமிடங்களை மனப்பாடம் செய்துவிட்டாள். எங்கள் வீட்டில் தேங்காய் எப்போதும் நான்தான் துருவினேன்.

அவளுடைய பெரிய தியரி பிறந்தது அவள் அப்பாவுடன் பேசிக்கொண்டிருந்தபோது. தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் பாதி வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அப்பா என்பவர் பெரும்பாலும் ஒரு திரைக்குள்தான் இருப்பார். வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அந்த முறையும் லீவு தள்ளிப்போய்விட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“அப்பா, இப்பதான் வெளங்குகு. விண்கலத்துல உள்ளவங்க எல்லாரும் கான்ட்ராக்ட்ல போனவங்க.”

“என்னட்டி சொல்லுக?”

“ஏழு பாகத்துலயும் ஒருத்தருக்கும் லீவு கிடையாது. வீட்டோட பேசினா உடனே சிக்னல் போவுது. தலைவர் எப்பவும் என்ன சொல்லுகாரு? இந்த ஒரு ட்ரிப் முடிஞ்சா ஊருக்குன்னு. வில்லன் ஏன் தொரத்துகான்? அவன்தான் ஸ்பான்சர். எல்லாருக்க பாஸ்போர்ட்டும் அவன் கையில.”

“எத்தனையாவது நிமிஷம்?” என்றேன் அடுக்களையில் இருந்து.

“நாலாம் பாகம், நாப்பத்தொண்ணு. ஒரு பெட்டிய மேசைக்குள்ள வச்சுப் பூட்டுகான். பாத்துக்கோ.”

என் கணவர் சிரித்த சிரிப்பில் திரை ஆடியது. அங்கே அவரோடு அறையில் தங்கியிருந்த ஆறு பேரும் கூடிவிட்டார்கள், முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதில் ஒருவர் மயிலாடிக்காரர், கல் வேலை தெரிந்தவர். ஐந்தாம் பாகத்தில் வரும் பெரிய சிலைக்கு இடது காது முடிக்காமல் நிற்பதை அவர்தான் கண்டுபிடித்தார். “கொத்துனவன் சாயா குடிக்கப் போயிருக்கான் மக்ளே, வேற ஒண்ணும் இல்ல” என்றார். மகள் இரண்டையும் சேர்த்துத் தமிழில் எழுதி ரசிகர்கள் குரூப்பில் போட்டாள். எங்கெங்கிருந்தோ, லீவு கிடைக்காத மனிதர்கள் எல்லாம் சிரித்து எழுதினார்கள். சிலர் சிரிக்காமலும் எழுதினார்கள். அன்றைக்குத்தான் முதல்முதலாக ஆசிரியர் அறையில் வாய் தவறி, “என் மக எழுதினது” என்று சொல்லிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கல்லூரியிலிருந்து வந்து பஸ் இறங்கி, ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும் வழியில் அவள் வழுக்கி விழுந்தாள். எதிரே யாரும் வரவில்லை. சேறு, வளைவு, அவ்வளவுதான். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காதுக்குப் பின்னால் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. வெளியூர்க்கார இளம் மருத்துவர் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னாள். இது ஆஸ்பத்திரி என்றாள்.

“அப்பா எங்கம்மா இருக்காங்க?”

“விண்கலத்துல. லீவு கிடைக்கல.”

“யார் லீவு கொடுக்கணும்?”

“வில்லன். பாஸ்போர்ட் அவன்ட்ட இருக்கு.”

மருத்துவர் ஏதோ எழுதினார். என்னிடம் திரும்பி, “பேச்சு கொஞ்சம் குழப்பமா இருக்கு” என்றார்.

“இல்ல டாக்டர். அது சரியான பதில்தான்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த அம்மாவையும் ஒரு கட்டிலில் படுக்க வைக்க வேண்டுமோ என்ற யோசனை இருந்தது. நான் அழுதுகொண்டே விளக்கினேன். “அதாவது டாக்டர், ஒரு விண்கலம் இருக்கு, அதில ஒரு சமையல்காரர்...” எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. சலைன் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ்தான் காப்பாற்றினாள்.

“சார், அது தமாசு. எங்க குரூப்புல எல்லாருக்கும் தெரியும். ஏ மக்கா, அது எழுதினது நீதானா?”

நான் கட்டிலருகே குனிந்தேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

“எத்தனையாவது நிமிஷம் மக்ளே?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “நாலாம் பாகம்... முப்பத்தெட்டு.”

“கொள்ளாம்!” என்று மெச்சினாள் நர்ஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, “நாப்பத்தொண்ணுல்லா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மருத்துவர் எழுதியதை அடித்து வேறு எழுதினார். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அவள் அறிவு இருக்கிறது, பகடி இருக்கிறது, அதில் எனக்கு உயிர் வந்தது. ஆனால் என் மகள் நிமிடத்தைத் தப்பாகச் சொல்ல நான் கேட்டதே இல்லை.

மூளையில் சின்ன ரத்தக் கசிவு, ஆபரேஷன் தேவையில்லை, நாள் எடுக்கும் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னென்ன போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நிமிடங்கள் எல்லாம் போயிருந்தன. பேச்சின் நடுவே சாதாரண வார்த்தைகள் வராமல் நின்றன. கரண்டியைக் காட்டி, “அது... கிண்டுகது” என்பாள். அவளே சிரிப்பாள். “நானும் சமையல்காரர் மாதிரி ஆயிட்டேன்மா. டயலாக்கே கிடையாது.” நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுவிட்டு வருவேன். இப்படியே இருந்துவிடுவாளோ என்ற கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட அது கரும்பலகைக்கும் எனக்கும் நடுவில் நிற்கும்.

ஒரு நாளைக்கு அரைமணி நேரம் மட்டும் திரை பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த அரைமணி நேரத்தில் அவள் முதல் பாகத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். நிறுத்தி நிறுத்தி, நான் கொண்டுவந்து கொடுத்த ஆய்வகக் குறிப்பேட்டில் நிமிடங்களை எழுதினாள். அரைமணி முடிந்தால் அவளே அணைத்துவிடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டு வருடம் காதால் கேட்டதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து, நாகர்கோவிலில் ஒரு சாயாக்கடை மாடியில் ரசிகர்கள் கூடும் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றாள்.

“போலாம். ஆனா நீ பேசாண்டாம்” என்றேன்.

“பேசத்தானம்மா போறேன்.”

“வார்த்த நின்னு போனா?”

“நின்னா நிக்கட்டு. அது வரட்டுன்னு நானும் நிப்பேன்.”

இருபது பேர் இருந்தார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர், படகு இன்ஜின் பழுது பார்க்கும் அண்ணன் தம்பிகள், ஆஸ்பத்திரி நர்ஸ். நான் கடைசியில், படிக்கட்டை ஒட்டி உட்கார்ந்தேன். அவள் எழுந்தாள்.

“விண்கலத்துல ஒரு சின்ன எந்திரம் உண்டு. யாரும் அத கண்டுக்கிடமாட்டாங்க. ஏழு பாகத்துலயும் எவ்வளவு சண்ட, எவ்வளவு சாவு? தரையில ஒரு சொட்டு ரத்தம் பாத்திருக்கியளா? கிடையாது. ஏன்னா அந்த எந்திரம் தரைய...”

நின்றுவிட்டாள். கை காற்றில் இப்படியும் அப்படியும் போனது. அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த படகு இன்ஜின் தம்பிக்காரன் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தான். அவள் உள்ளங்கையை உயர்த்தினாள்.

“இரிங்க. வரும்.”

கீழே யாரோ சாயா ஆற்றும் சத்தம் கேட்டது. நான் சுவரைப் பார்த்தேன்.

“தொடைக்குது. அது தரையத் தொடைக்குது. இந்தக் கதைய நமக்குச் சொல்லுகதே அதுதான். அது தொடச்ச பெறகு மிச்சம் உள்ளத மட்டும்தான் நாம படமா பாக்கோம்.”

எல்லோரும் மேசையில் தட்டினார்கள். வங்கிக்காரர் எழுந்து, “எல்லாம் செரி, எத்தனையாவது நிமிஷம்?” என்றார். எங்கள் வீட்டுச் சட்டம் அங்கேயும் போயிருந்தது.

“தெரியாது. அடிபட்டதுல எல்லாம் போச்சு” என்றாள், மழை பெய்கிறது என்று சொல்வது போல. “முதல்ல இருந்து திரும்பவும் எழுதிட்டு வாறேன். ரெண்டாம் பாகம் வரைக்கும் ஆச்சு. அதுக்குள்ள என்ன வேணும்னாலும் கேளுங்க.”

கேட்டார்கள். ஒருவரும் அவளுக்காக எளிதாகக் கேட்கவில்லை. ஒன்றைத் தப்பாகச் சொன்னாள், நான்கைச் சரியாகச் சொன்னாள். தப்புக்கு அண்ணன் தம்பிகள் அவளை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். அவளும் திருப்பிக் கொடுத்தாள், கொஞ்சம் மெதுவாக.

முடிந்ததும் என்னிடம் வந்தாள். “நீ முன்னால போம்மா. நான் இவங்ககூட இருந்து பேசிட்டு பஸ்ல வாறேன்.”

வேண்டாம் என்பதற்கு என்னிடம் பத்துக் காரணம் இருந்தது. “செரி” என்று சொல்லிக் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். வண்டி கிளம்பியதும் கணவர் அழைத்தார்.

“எப்பிடிப் பேசினா?”

நான் அந்தத் தியரி முழுவதையும் அவருக்குச் சொன்னேன். யாருக்கும் லீவு இல்லாத விண்கலம், சிறிய எந்திரம், ரத்தமில்லாத தரை, எல்லாம். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்பதால் இன்னும் உரக்கச் சொன்னேன். பக்கத்து இருக்கைகளில் பேச்சு நின்றதைக் கவனிக்கவில்லை. போனை வைத்ததும் மடியில் மீன் வாங்கிய பையோடு இருந்த பெண் என் பக்கம் சாய்ந்தார்.

“அந்த எந்திரத்துக்கு மட்டும் லீவு உண்டா அக்கா?”

“தெரியாதும்மா” என்றேன். “எம்மவ வரட்டும், அவட்ட கேட்டுச் சொல்லுகேன்.”