வெறுங்காலில் குதித்தவர்

ஷூவைக் கழற்றியது அவர் இல்லை. என் சித்தப்பா.

போன வாரம் மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். புதையல் தேடிப் போகும் படம் ஒன்று பாகம் பாகமாக வருகிறதே, அதற்கு அடுத்த பாகம் வரப்போகிறதாம். அதனால் பழைய பாகங்களை எடுத்த கதையை ஹீரோ சாய்ந்து உட்கார்ந்து சொல்கிறார். இரண்டாம் பாகத்துக்கு எங்கள் ஊருக்கு வந்ததைச் சொன்னார். கிணற்றில் குதித்ததைச் சொன்னார். "அந்த ஊர்க்காரங்களுக்குக் கிணறுதான் சாமி. அதான் ஷூவைக் கழட்டி வச்சுட்டுக் குதிச்சேன்" என்றார். எதிரே இருந்த பெண் கைதட்டினாள். போனை மகனிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நான் அப்போது ஐந்தாவது படித்தேன். எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கருவேலங்காடு, காய்ந்த கண்மாய், அவ்வளவுதான். மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வரும் வாய்க்கால் முள் மண்டி, மண் மூடிக் கிடந்தது. யாரிடமெல்லாமோ சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் மழையைப் பார்த்துக் கிடந்தோம். சினிமாக்காரர்கள் பாலைவனம் மாதிரி இருக்கிறது, அருமை என்று சந்தோஷமாக வந்து இறங்கினார்கள். லாரி, வேன், பாதை போட ஒரு ஜேசிபி.

கண்மாய்க் கரைக்குக் கீழே எங்கள் தோட்டத்துக் கிணறு. கோடையில் தண்ணீர் அடியில் கிடக்கும். ஹீரோ ஓடிவந்து அதில் குதிக்க வேண்டும். அவருக்குப் பதிலாகக் குதிக்க மெட்ராஸில் இருந்து ஒருவர் வந்திருந்தார். எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பக்கம் பாறை துருத்திக்கொண்டிருந்தது. அப்படியே பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

மேனேஜர் சித்தப்பாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். திரும்பி வரும்போது சித்தப்பா ஹீரோவின் சட்டையைப் போட்டிருந்தார். காலில் ஹீரோவுடையது மாதிரியே ஒரு ஷூ. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கிணற்று மேட்டுக்கு வந்ததும் நின்றார். ஷூவைக் கழற்றி என்னிடம் தந்தார். எங்கள் பக்கம் யாரும் செருப்போடு கிணற்று மேட்டில் ஏற மாட்டோம். தூர் வாருகிறவர்கள்கூடக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

டைரக்டர் கத்தினார். "யோவ், ஷூவ மாட்டுய்யா! ஹீரோ வெறுங்கால்லயா குதிப்பாரு?"

"அவுக எப்படியும் குதிச்சுக்கிடட்டும். நான் இப்படித்தான் குதிப்பேன்" என்றார் சித்தப்பா.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு வழி இல்லை. குதித்தார். தண்ணீரில் அவர் விழுந்த சத்தம் எனக்கு நெஞ்சுக்குள் கேட்டது. தலை வெளியே வரும்வரை ஷூவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் ஹீரோ வேனை விட்டு இறங்கிக் கிணற்று மேட்டுக்கு வந்தார். நனைந்த மாதிரி காட்ட வேண்டுமாம். குழாயில் மணிக்கணக்கில் நின்று அம்மா பிடித்து வைத்திருந்த ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கிவந்து அவர் தலையில் ஊற்றினார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படம் தீபாவளிக்கு வந்தது. அன்றைக்கு டிவியில் அவர், "டூப்பே போடல, நானேதான் குதிச்சேன்" என்றார். லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனதும் நான் சொன்னேன், குதித்தது எங்க சித்தப்பா என்று. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். எங்கள் ஊரிலிருந்து அந்த வகுப்பில் நான் ஒருத்திதான்.

"ஏலே, ஹீரோ மக வந்திருக்கா, எந்திரிச்சு நில்லுங்கலே!" என்றான் ஒருத்தன். வகுப்பே எழுந்து நின்று கும்பிட்டது.

"அந்தரத்துல காலைப் பாருங்க, ஷூ இருக்காது" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

விடவில்லை. சனிக்கிழமை அவனையே, அவன் சைக்கிளிலேயே கூட்டிவந்தேன். சித்தப்பா தோட்டத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, நீங்கதான குதிச்சீக? இவன்கிட்ட சொல்லுங்க."

அவர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நானா? நான் அன்னைக்கு நரிக்குடிக்கு ஆடு பாக்கப் போயிட்டேன்ல, தாயி."

அம்மாவிடம் போய்க் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும்" என்றாள். அந்தப் பயல் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்துப் போனான். அந்த வருஷம் முழுக்க எனக்கு 'டூப்பு' என்றுதான் பேர். சித்தப்பாவோடு பேச்சை நிறுத்தினேன்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாசம் கழித்துத்தான் சித்தி சொன்னாள். மேனேஜர் கூலி பேச வந்தபோது சித்தப்பா பணம் வேண்டாம் என்றாராம். அந்த ஜேசிபியை விட்டு வாய்க்காலை வெட்டிக் கொடு என்றாராம். வெட்டித் தருகிறோம், ஆனால் குதித்தது யார் என்று ஊரில் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது என்று பேச்சு. அவர்கள் வெட்டினார்கள். இவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

சரி, குதித்த பேரை ஹீரோவுக்குக் கொடுத்தாச்சு. அது பேசின பேச்சு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஷூவைக் கழற்றியது அந்தப் பேச்சில் இல்லையே. படத்தில் வெறுங்கால் தெரிகிறது, அதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அதற்காக எங்கள் கிணற்று மேட்டு மரியாதையைத் தூக்கித் தன் காலில் மாட்டிக்கொள்வதா? அந்த மேட்டில் அவர் ஷூவோடுதான் நின்றார். நான் பார்த்தேன்.

படம் வந்த வருஷம் கார்த்திகையில் கண்மாய் நிறைந்தது. நான் பிறந்து அப்படிப் பார்த்ததே இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில் கிடந்தோம். சித்தப்பா நடுவில் நின்று கையை நீட்டி, "வா தாயி, நீச்சல் சொல்லித் தாரேன்" என்றார்.

நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கரைக்குப் போனேன். கழுத்துவரை தண்ணீர். அது எப்படி வந்தது என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.