எட்டு வருகிற எண்

என் ஸ்கூட்டருக்குக் கிடைத்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு. ஒன்றையும் ஏழையும் கூட்டினால் எட்டு. எங்கள் வீட்டில் எட்டு ஆகாது. வண்டி வந்த அன்றே என் கணவரின் அண்ணன் சாவியை வாங்கி, பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். விற்றுவிட்டு வேறு வாங்கலாம், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார். என் கணவர் அண்ணன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் ஆவடியில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். பூந்தமல்லியிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்கப் போய் அலுத்து, நாற்பது வயதுக்கு மேல் விழுந்து எழுந்து ஓட்டக் கற்று, என் சம்பளத்தில் வாங்கிய வண்டி அது. கூட்டிக் கூட்டி எட்டில் நிற்கிற எண்ணை ஒன்பதால் வகுத்தால் எட்டு மீதி வரும். அது மூன்றால் வகுபடாது, எந்த முழு எண்ணின் வர்க்கமாகவும் இருக்காது. இதைத் தவிர அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. வகுப்பில் பத்து நிமிடத்தில் புரிகிற இது வீட்டில் எடுபடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலை நான் கல்லூரிக்குக் கிளம்புகையில், வண்டியைப் பார்க்க ஆள் வருகிறான் என்று கணவரின் அண்ணனே வந்து சொன்னார். கூடத்தில் பார்சல் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. நம்ம ஊர் பின்கோடைக் கூட்டுங்கள் மாமா என்று அவர் முன்னால் நகர்த்தினேன். ஆறு, மூன்று சைபர், ஐந்து, ஆறு. அவர் கட்டை விரல் கணுக்கணுவாக ஓடி, பதினேழில் நின்றது.

நான் விடவில்லை. ஷேர் ஆட்டோவில் பொழுது போகாமல் அந்த ஆறு லட்சத்து ஐம்பத்தாறை நான் எப்போதோ பிரித்துப் பார்த்திருந்தேன். எட்டு, நூற்றேழு, எழுநூற்றொன்று மூன்றையும் பெருக்கினால் அது வரும். பின்னவை இரண்டும் பகா எண்கள், ஒன்றைத் திருப்பி எழுதினால் மற்றது. மூன்றின் இலக்கங்களையும் தனித்தனியே கூட்டினால் எட்டுதான். பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதிக் காட்டினேன்.

"இந்த ஊர்லதான் பொறந்தீங்க, வீடு கட்டினீங்க, எங்க கல்யாணத்தையும் நடத்தி வெச்சீங்க. இத்தனை எட்டுல என்ன கெட்டுப்போச்சு மாமா?"

அவர் பெட்டியை என் பக்கமே தள்ளினார். "அது கவர்மெண்டு குட்த்த நம்பரும்மா. அத்த நாம இன்னா பண்ண முடியும்?"

"வண்டி நம்பரும் கவர்மெண்டு குடுத்ததுதான்."

என் கணவர் சிரித்துவிட்டார். அண்ணன் எதிரில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நூற்றேழும் எழுநூற்றொன்றும் அதிர்ஷ்டம் என்று நான் சொல்லவரவில்லை. அவை அழகு, அவ்வளவுதான். என் வண்டி ஓடுவது பெட்ரோலில். அலமாரியைத் திறந்து, சாமி படத்தை நகர்த்திச் சாவியை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. டயருக்கடியில் ஒரு எலுமிச்சம்பழமாவது வைத்துவிட்டுப் போகும்படி மாமா வாசல்வரை வந்து கெஞ்சினார். பழத்தை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வெயில் ஏறியதும் ஜூஸுக்கு ஆகும். வண்டி பார்க்க வந்தவன் தெருமுனையில் என்னிடமே வீட்டுக்கு வழி கேட்டான். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு ஆவடி பக்கம் திருப்பினேன்.