பொனற்றுக்குக் கீழே றொட்டி மா

எனக்குக் கோபம் வந்தால் கையில் என்ன இருக்கிறதோ அதோடேயே சண்டைக்குப் போய்விடுவேன். அன்றைக்குக் கையில் இருந்தது றொட்டிக்குக் குழைத்த கோதுமை மா. முற்றத்தில் என் கணவரும் வெல்டிங் நானாவும் காரின் பொனற்றை, அதுதான் எஞ்சினுக்கு மேலே இருக்கும் மூடியை, டமார் டமாரென்று அடித்து மூடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மூடுவதாயில்லை. மூன்று நாளாக இதே கூத்து.

எழுபதுகள் முடிகிற காலம் அது. அன்புவழிபுரத்தில் இருந்தோம். என் கணவர் ஹயர் கார், அதாவது வாடகைக் கார், ஓடினார். பழைய இங்கிலீஷ் கார், பால் வெள்ளை. திருகோணமலை மணப்பொம்பிளைகளில் பாதிப் பேர் அந்தக் காரில்தான் கலியாணத்துக்குப் போனார்கள் என்று நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன். அந்தக் காரின் பெற்றோல் எஞ்சின் ஒருநாள் கந்தளாய் றோட்டில் செத்துப்போனது. அப்போது ஊரில் ஆம்பிளைகள் ஒவ்வொருவராக அரபு நாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இவரும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். கொழும்பு ஏஜென்ற் ஒரு திங்கட்கிழமை காலை வந்து நிற்கச் சொல்லியிருந்தான். போனால் மூன்று வருஷம்.

"கார் ஓடினால் நிக்கிறன். ஓடாட்டி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரயிலேறுவன்," என்றார்.

கலியாணமாகி நாலு வருஷம்தான். மூன்று வருஷம் இவரை விட்டுவிட்டு இருக்க எனக்கு ஏலாது. அதை வெட்கமில்லாமல் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கொழும்பிலிருந்து லொறியில் ஒரு எஞ்சினை இறக்குவித்தார்.

ஜப்பான் டீசல் எஞ்சின். வேறு ஏதோ சாமான் ஏற்றும் வானுக்கென்று செய்தது. எங்கள் வேப்பமரக் கொப்பில் சங்கிலி கட்டி, பழையதைத் தூக்கி எடுத்து, இதை இறக்கினால் போகிற வழியெல்லாம் இடித்தது. முதலில் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி குறுக்கு இரும்பில் முட்டியது. அதை வெட்டிச் சுருக்கி ஒட்டுவதற்குத்தான் நானா வந்தார். கிண்ணியா ஆள், அங்கே அண்ணனை நானா என்பார்கள். துறைமுகத்தில் வெல்டிங் வேலை, எங்களுக்காக லீவு போட்டுவிட்டுத் தினமும் துறையைப் படகில் தாண்டிச் சைக்கிளில் வருவார். தொட்டியை ஒட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுக்குப் பார்த்து, எஞ்சினை இருத்தினார்கள். எனக்கு நிலத்தில் கால் படவில்லை. பிறகு பொனற்றை இறக்கினால் மூன்று விரற்கடை மேலே நின்றது.

"வெட்டாம ஏலா புள்ள," என்றார் நானா. "நடுவுல வெட்டி ஒரு மேடு வெச்சி ஒட்டினா மூடிரும்."

"கூன் விழுந்த காரிலை எந்தப் பொம்பிளை நானா ஏறுவாள்?" என்று இவர் விடவில்லை.

அவர் சொன்னதும் நியாயம். கலியாண ஹயர் இல்லையென்றால் அந்தக் கார் இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். அதற்காக மூன்று நாளாய் அடித்துக்கொண்டே இருப்பதா? குசினியிலிருந்து மாவும் கையுமாகப் பாய்ந்தேன்.

"உதிலை அடிச்சால் எஞ்சின் கட்டையாகிடுமோ? எங்கை இடிக்குது எண்டு முதல் பாத்தியளோ?"

"எல்லா இடமும்தான் இடிக்குது. நீர் உள்ளை போம்," என்றார் இவர்.

"மூடினா உள்ளுக்க எப்பிடிப் பாக்கிற புள்ள?" என்றார் நானா பாவமாக.

அப்போதுதான் கையைப் பார்த்தேன். கோபத்தில் இறுக்கிப் பிடித்த பிடியில் மாவிலே என் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன.

மாவைத் தேசிக்காய் அளவில், எலுமிச்சம்பழ உருண்டையாக, உருட்டினேன். எஞ்சினில் உயரமாகத் தெரிந்த எட்டு இடத்தைச் சீலைத்துண்டால் துடைத்து, இடத்துக்கு ஓர் உருண்டை வைத்தேன். மேலே ஒட்டிக்கொள்ளாதபடி வெறும் மாவும் தூவினேன். "இஞ்சாருங்கோ, அடிக்காமல் மெல்ல மூடுங்கோ," என்றேன். இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது. ஆனால் மூடினார். திறந்தார்.

ஏழு உருண்டையும் வைத்தபடியே இருந்தன. ஒன்றே ஒன்று கடதாசி போல நசிந்து கிடந்தது. அது எஞ்சின்கூட இல்லை. எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் வட்டத் தகர டப்பா, மேலே தொப்பி மாதிரிக் குந்தியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு மூடினோம். கிளிக். பொனற் பூட்டிக்கொண்டது. திறந்து பார்த்தால் மற்ற உருண்டைகள் எல்லாம் ஒரு விரல் தடிப்பில் சுகமாக இருந்தன.

"ஒரு டப்பாவுக்கே மூண்டு நாள்?" என்றேன்.

நானா நிலத்தில் குந்திக்கொண்டு சிரித்தார். "நாங்க ரெண்டு ஆம்பிளயும் அளக்கிற அடிமட்டத்தோட நிக்கிறம், இவ மாவோட வந்து சொல்லிட்டுப் போறா."

டப்பாவைப் பற்றரிக்குப் பக்கத்தில் இறக்கிவைத்து, லொறி ரப்பர்க் குழாய் ஒன்றை வளைத்து எஞ்சினோடு இணைத்தார்கள். சனிக்கிழமை காலை கார் உறுமியது. எனக்கிருந்த சந்தோஷப் புளுகத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் சீற்றில் ஏறிவிட்டேன். ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று கண்ணாடியை முழுக்க இறக்கினேன். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் சோக்காக ஏறியது. இறக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வர, இவர் பிறேக்கை மிதித்தார். முன்னாலிருந்து கர்ர்ர் என்று ஒரு சத்தம். என் நெற்றி முன்கண்ணாடியில் இடிபட்டது.

எஞ்சினின் முன்விசிறி, தண்ணீர் ஆறுகிற ரேடியேற்றரில் உரசியிருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி சிவனே என்று இருந்தது. ரேடியேற்றரை முன்னுக்குத் தள்ளவும் இடமில்லை. இவர் போய்ச் சூட்கேசை எடுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கினார்.

"நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ. அது உங்கடை வாயாலை வந்த கதைதானே," என்று சொல்லிவிட்டு மறுபடி மாக் குழைத்தேன். ரேடியேற்றர் சட்டத்தின் விளிம்பில் அதைத் திரியாக ஒட்டினேன். ஒழுங்கைக்குள் மெல்ல ஓடி, மெல்ல நிறுத்தினோம். மாவில் ஒரு கீறல் இல்லை. மறுபடி ஓடிச் சட்டென்று பிறேக்கை அமத்தினோம். திரி துண்டு துண்டாகச் சீவுப்பட்டிருந்தது.

நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னேன். "பிறேக் போட்டால் நான் முன்னுக்குப் போறன். எஞ்சின் போகாதோ?"

காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த நானா எழுந்து நின்றுவிட்டார். எஞ்சின் குந்தியிருந்த ரப்பர்கள் மெத்தென்று இருந்தன. நிற்கும்போது இருக்கிற இடைவெளியை மட்டுமே நாங்கள் அளந்திருந்தோம். ஞாயிறு மத்தியானத்துக்குள் எஞ்சினைப் பின்னால் இழுத்துப் பிடிக்க ஒரு கம்பி வைத்து ஒட்டி, அது அதிராமல் நுனியில் லொறி ரயர் ரப்பர்த் துண்டும் போட்டார். "என்னெண்டு நாளைக்குச் சொல்லுங்க புள்ள," என்று துறைக்குப் போய்விட்டார்.

பின்னேரம் புதுத் திரி ஒட்டினேன். இவர் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்தார், சூட்கேசை டிக்கிக்குள் வைத்தார்.

"ஸ்ரேசன் வரைக்கும் ஓடிப் பாப்பம். உரசினால் அப்பிடியே ரயில்," என்றார்.

"ஓர்ஸ் ஹில்லாலை போங்கோ," என்றேன்.

சுற்று வழிதான். இறக்கத்தில் மூன்று தரம் பிறேக்கை அமத்தச் சொன்னேன். மூன்று தரமும் மூச்சை அடக்கிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சத்தமில்லை. ஆனால் டீசல் எஞ்சின் இரைச்சலில் எதை நம்புவது? ஸ்ரேசன் வாசலில் இறங்கிப் பொனற்றைத் திறந்தோம். திரி காய்ந்து வெடித்திருந்தது. அதில் இருந்தது என் பெருவிரல் அடையாளம் மட்டும்தான். உள்ளே கொழும்பு ரயில் ஆயத்தமாக நின்றது. இவர் மாவைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார்.

பிந்தி வந்த பகல் ரயிலால் இறங்கிய குடும்பம் ஒன்று இரண்டு பெரிய பெட்டிகளோடு எங்களிடம் வந்தது. "அண்ணை, ஹயர் போகுமோ? உப்புவெளிக்கு," என்று கேட்டார் அந்த மனுசன்.

வாயை மூடிக்கொண்டிருந்து பழக்கமில்லாத நான் அன்றைக்கு மூடிக்கொண்டு நின்றேன்.

"ஓம், ஏறுங்கோ," என்றார் இவர்.

டிக்கியைத் திறந்து ஒரு பெட்டியை வைத்தார். மற்றதற்கு இடம் போதவில்லை. தன் சூட்கேசை வெளியே எடுத்து, எங்கே வைப்பதென்று சுற்றிப் பார்த்து, முன் சீற்றில் ஏறியிருந்த என் மடியில் வைத்தார். "இதைக் கொஞ்சம் பிடியும்."

அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாய் இருந்தேன். பின் சீற்றில் இருந்த பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"தங்கச்சி எங்கை பயணம்?"

"ஒரு இடமும் இல்லை அக்கா," என்றேன்.