பாஸ் இருக்க இறங்குவானேன்

குரோனிங்கன் நிலையத்தின் தூணில் காகிதத்தை அழுத்தி வைத்து, கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிக்கொண்டிருக்கிறார் ஸ்யூர்ட். ஐரோப்பா முழுக்கச் செல்லும் ரயில் பாஸ். ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஐந்து நாட்கள். தேதி எழுதிய நாளில் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம். அடித்தல் திருத்தல் செல்லாது. அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நாங்கள் தும்மக்கூடக் கூடாது.

அவர் வீடு குரோனிங்கனில் இல்லை. தெற்கே நூறு கிலோமீட்டர் தள்ளி, ஸ்வோல்லேயில், என் வீட்டுக்கு அடுத்த வீடு. சொந்த நாட்டுக்குள் இந்தப் பாஸ் வெளியே போக ஒரு தடவை, திரும்ப ஒரு தடவைதான் செல்லும். அந்த ஒரு தடவையை வீட்டுப் பக்கத்திலேயே தொடங்கினால் நஷ்டமாம். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் என் மகள் எங்களைக் காரில் ஏற்றி வடக்கே கொண்டுவந்து விடுகிறாள். ஏறிய ரயில் ஒரு மணி நேரத்தில் எங்கள் ஊர் வழியாகவே தெற்கே போகிறது.

"பாரு, நம்ம தெரு" என்று ஜன்னலில் கைகாட்டுகிறார், ஜெயித்துவிட்ட முகத்தோடு.

"பெட்ரோல் யாரு போட்டது?" என்கிறாள் அவர் மனைவி தினேகே.

"அது பாஸ்ல வராது."

ஸ்யூர்ட் ஓய்வுபெற்ற நில அளவையாளர். கொக்குக் கால்கள், பத்துப் பையுள்ள அரைக்கால் சட்டை, மூன்று நாளைக்குத் தேவையான பாலாடைக்கட்டி ரொட்டி. முன்பதிவுக்குத் தனிக் காசு கேட்கும் அதிவேக ரயில்களை வழிப்பறிக்காரர்கள் என்பார். இரண்டு மணி நேரத்தில் போகிற ஊருக்கு நான்கு பாசஞ்சர் மாறி ஏழு மணி நேரத்தில் எங்களைக் கொண்டுசேர்த்து, "ஒரு பைசா கூடுதலா குடுக்கல" என்று காலை நீட்டுவார். என் முதுகு கொடுத்தது அவருக்குத் தெரியாது.

தேதி எழுதிய நாளில் நிலையத்தை விட்டு வெளியே வருவது அவருக்குப் பாவம். "வெளிய நடக்கறதுக்கு எதுக்கு பாஸ்?" மிலானை நடைமேடையிலிருந்து பார்த்திருக்கிறோம். வியன்னாவில் கழிப்பறை நன்றாக இருந்தது. தேதி எழுதாத நாட்களில் இறங்கலாம்தான். ஆனால் தங்குவது மலிவான ஊர்களில். மலிவான ஊரில் ஏரி எங்கே இருக்கிறது?

தினேகேக்கு வேண்டியது ஓர் ஏரிதான். சுவிட்சர்லாந்தில் ஸ்பீட்ஸ் நிலையத்திலிருந்து கீழே தெரியும் ஏரியில் கால் நனைக்க வேண்டும். மூன்று வருடமாகக் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் அடுத்த ரயில் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். இந்த வருடம் புறப்படும் முன்பே என்னிடம் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் இல்லன்னா அவ்வளவுதான். அடுத்த வருஷம் என் அக்காகூட கார்ல போயிடுவேன்." ஸ்யூர்ட்டிடமும் சொன்னாள். சும்மா மிரட்டுகிறாள் என்று அவர் சிரித்தார்.

நான்காவது கட்டம். ஐந்தாவது வீடு திரும்ப. ஸ்பீட்ஸில் ரயில் மாறவேண்டும். தினேகே பையிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, படியிறங்கி, வாசலைத் தாண்டி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"தினேகே, இன்னும் பாதி நாள் மிச்சம் இருக்கு."

"நீ போ. நல்லா சுத்திட்டு வா."

ரயில் வந்தது. ஸ்யூர்ட் ஒரு காலைப் படியில் வைத்தார். "சும்மாதான் சொல்றா, இல்ல?" என்று என்னைக் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தாலும் நான் உதவவில்லை. மூன்று வருடம் என் முதுகும் சேர்ந்து வலித்திருக்கிறது.

"தினேகேயோட அக்கா கார் வாங்கி ஆறு மாசம் ஆச்சு" என்றேன். "பின்சீட்டு உனக்குக் கிடையாதாம்."

கதவு மூடியது. ரயில் போயிற்று, அவர் நடைமேடையில் நின்றார். அப்புறம் சரிவில் இறங்கினார். நான் பின்னால் போனேன்.

தினேகே முழங்கால் வரை தண்ணீரில் நின்றிருந்தாள். ஸ்யூர்ட் கரைக் கல்லில் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கழற்றினார். ஒரு காலுறை. மேலே நிலையத்தில் ரயில் வந்து நிற்கும் சத்தம். எந்த ஊர் ரயில் என்று நான்தான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குனிந்து மற்ற காலுறையை உருவிக்கொண்டிருந்தார்.