புகார்ப் பெட்டியில் ஒரு சட்டை

கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர் என்றால், கேன்டீன் சாம்பாரில் உப்பு குறைந்ததற்கும் பாத்ரூம் குழாயில் தண்ணீர் வராததற்கும் திட்டு வாங்குவதற்கென்றே நாற்காலி போட்டு உட்கார வைத்த ஆள் என்று அர்த்தம். நீங்களும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்படுகிறவர் என்றால், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழத் தயாராக இருக்கிறேன். உங்கள் அனுமதி கேட்டுவிட்டுத்தான். பெண்களைச் சீண்டுவது பற்றிய புகார்களை விசாரிக்கும் கமிட்டிக்கும் நானே தலைவி.

பெட்டிக்குப் பூஜை

வில்லியனூர் பக்கம் இருக்கும் எங்கள் கம்பெனிக்குப் புகார்ப் பெட்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மேனேஜர் பக்திமான். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் கட்டி, தையல் ஹாலில் மூன்றாவது லைன் சூப்பர்வைசர் கோபியின் மேசைக்கு நேர் மேலே மாட்டினார். அங்கேதான் ஆணி இருந்ததாம்.

ஒரு மாதம் கழித்துத் திறந்தேன். ஃபேன் ஓடவில்லை என்று இரண்டு சீட்டு, சாம்பார் பற்றி ஐந்து, "கமிட்டி மேடம் குடும்பத்துடன் வரவும்" என்று ஒரு கல்யாணப் பத்திரிகை. நம் கம்பெனியில் பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று மேனேஜர் பூரித்துப்போனார். நானும் கொஞ்சம் பூரித்தேன், பொய் சொல்வானேன். அந்த லைன் செக்கர் அஞ்சலை அக்கா பூரணாங்குப்பத்துக்காரர். கடல் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். மெஷின் சத்தத்தையெல்லாம் தாண்டிக் கேட்டார்: "இன்னா மேடம், கோபி சாரைப் பத்தி எழுதினா, கோபி சார் எதிர்லயே எக்கி நின்னு போடணுமா?"

நாடகம்

பெட்டியைப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு மாற்றினேன். அடுத்து விழிப்புணர்வு வகுப்பு. நான் சட்டம் பேச ஆரம்பித்ததும் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் வகுப்பு வைத்தது என் தப்பு. சரி, நாடகம் போடலாம் என்றேன். அஞ்சலை அக்கா காதில் பேனாவைச் செருகிக்கொண்டு சூப்பர்வைசர் ஆகிவிட்டார். மெஷினுக்குப் பின்னால் பூனை நடை. "காலர் கோணலா போவுது பாரு" என்று குனிந்தபடி, தைக்கிற பெண்ணின் தோளில் ஒரு கை, முதுகில் ஒரு கை. காலர் பக்கம் மட்டும் கை போகவே இல்லை!

கேன்டீனே அதிர்ந்தது. ஒருத்திக்குப் புரையேறி, இருவர் தட்டிவிட வேண்டியதாயிற்று. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர், காதில் பேனா செருகிய கோபிதான். என்னிடம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இப்டியெல்லாம் கூட ஆளுங்க இருக்கானுங்களா மேடம்?"

சிரிக்காதவள்

அத்தனை பேரில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. குருவிநத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் தேன்மொழி. கோபியின் லைனில் காலர் தைக்கிறவள். மறுநாள் கூப்பிட்டு விசாரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு, நாடகத்தில் பார்த்தது தனக்குத் தினமும் நடப்பதாகச் சொன்னாள். எழுதிக் கொடு என்றேன். மாட்டேன் என்றாள். நீ சொல், நான் எழுதுகிறேன் என்றேன். அதற்கும் மாட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுதினால்தானே அம்மா நடவடிக்கை எடுக்க முடியும் என்று குரலை உயர்த்தினேன். அதற்கு அவள் சொன்ன பதிலில் என் கோபம் வெட்கமாகிவிட்டது: "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா நாளைலேர்ந்து என்னைத்தான் மேடம் வேலைக்கு அனுப்ப மாட்டாரு. தப்பு பண்ணவரு பேனா சொருவிக்கினு வருவாரு, நான் வூட்ல குந்தணுமா?"

சட்டை

பத்து நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை. எங்கள் தொழிலில், தையலில் குறை இருந்தால் செக்கர் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். இந்தச் சட்டையில் தோளில் நான்கு அம்பு, முதுகில் மூன்று, இடுப்பில் இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் தேதி, மணி. கூடவே பின் குத்திய சீட்டில் லைன் எண், மெஷின் எண், பார்த்தவர்கள் என்று ஏழு கையெழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே, கோணல் மாணல் இல்லாமல், தேன்மொழியின் கையெழுத்து.

பின்னைக் கழற்றி, சீட்டை முதலில் பத்திரப்படுத்தினேன். அதற்குள் எட்டிப்பார்க்கக் கூடாத மேனேஜர் எட்டிப்பார்த்துவிட்டார். "ஒரே பீஸ்ல ஒம்பது டிஃபெக்டா!" என்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். பின்னால் நான், ஒரு செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு. கோபி சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, தோளைத் தடவித் தடவிப் பார்த்து, "தையல் பிரமாதமா இருக்குது சார்" என்று சர்டிஃபிகேட் கொடுத்தார். அஞ்சலை அக்கா எழுந்து நின்றார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "குறை சட்டையில இல்ல சார், இப்ப அதைத் தடவுது பாருங்க, அந்தக் கையில!"

விசாரணை

கமிட்டி உட்கார்ந்தது. வேலை சொல்லிக்கொடுக்கத்தான் தொட்டேன் என்றார் கோபி. ஏழு பேரும் வந்து, ஒவ்வொரு அம்பாகக் காட்டி, தேதி பிசகாமல் சொன்னார்கள். தொட்டுச் சொல்லிக்கொடுத்தாராமே, அந்த ஒன்பது நாளும் தேன்மொழி தைத்த காலரில் ஒரு அம்புகூட இல்லை, அப்புறம் எதைச் சொல்லிக்கொடுத்தார் என்று அஞ்சலை அக்கா ரெஜிஸ்டரை விரித்துப் போட்டார். கோபி காதிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோபி அனுபவஸ்தர், ஐந்தாவது லைனுக்கு மாற்றிவிட்டால் போதாதா என்றார். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், கதவருகே நின்ற தேன்மொழி முதல் முறையாகத் தலை நிமிர்ந்து பேசினாள்: "டேமேஜ் பீஸை வேற லைனுக்கு அனுப்பினா அது நல்ல பீஸாயிடுமா சார்? ரிஜெக்ட்ல போடுங்க."

ரிஜெக்ட்டில்தான் போட்டோம். தேன்மொழியின் அப்பாவிடம் அஞ்சலை அக்காவே குருவிநத்தம் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, ஆனால் மறுநாள் காலை அவரே மகளை பஸ் ஏற்றிவிட வந்திருந்தார். இப்போது அவளும் கமிட்டியில் உறுப்பினர், பெட்டிச் சாவி அவளிடம்தான், பெட்டியைத் திறந்து "சாம்பார்தான் மேடம்" என்று அவள் கத்துகிற நாளெல்லாம், உப்பில்லாத அந்தச் சாம்பாரை நான் இரண்டு கரண்டி கூடவே ஊற்றிச் சாப்பிடுகிறேன்.